பத்து போன், ஒரு துண்டுச் சீட்டு

ஜெர்மனியில் உக்காந்து பொட்டி தட்டிக்கிட்டு, சித்தூர்ல இருக்கிற மாமாவுக்கு புத்தி சொன்ன என்னைத்தான் முதல்ல உதைக்கணும். அதை ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன்.

மாமான்னா அக்கா வீட்டுக்காரர். லாரி புக்கிங் ஆபீஸ் வச்சிருக்கார். மாம்பழ சீசன் வந்தா சித்தூர்ல கூழ் ஃபேக்டரிகளுக்கு ராத்திரி பகல்னு லோடு ஓடும். டிரைவர், கிளீனர், ஆபீஸ் பசங்கன்னு பத்து பேருக்கு போன் வேணும். "புதுசு வாங்கினா கட்டுபடியாகாது மச்சான், என்ன பண்ணலாம்?"னு கேட்டார். "ரீஃபர்பிஷ்டு வாங்குங்க மாமா, இங்க எங்க ஆபீஸ்ல எனக்கே அதான் குடுத்திருக்காங்க"ன்னு பெரிய இவனாட்டம் சொன்னேன். அவர் திருப்பதி போய், ஒரு கடையில பத்து போன் அள்ளிக்கிட்டு வந்துட்டார். ஒண்ணு 6,500 ரூபா.

மூணு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ரெண்டு போன்ல பேட்டரி வீங்கி பின்மூடி எழும்பிருச்சு. அதுகூடப் பரவாயில்லை. பலமனேர் பக்கத்துப் பையன் ஒருத்தன், இருபது வயசுகூட இருக்காது, ஆபீஸ் போன்ல தன்னோட சிம்மைப் போட்டு வச்சிருந்தான். அவனுக்கு போலீஸ்ல இருந்து போன். "நீ வச்சிருக்கிற போன் திருப்பதி பஸ் ஸ்டாண்டுல தொலைஞ்சு போனது. கொண்டா."

பையனோட அம்மா மாமா வீட்டு வாசல்ல வந்து நின்னு அழுதிருக்காங்க. "எம் புள்ளையை திருடன் ஆக்கிட்டியே சாமி"ன்னு. மாமா ஸ்டேஷனுக்கு ஓடி, நான்தான் வாங்கிக் குடுத்தேன்னு சொன்னார். "எங்க வாங்கினீங்க? பில் எங்க?" இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. "மொபைல் 10 - 65,000". கடைப் பேர் இல்லை, ஐஎம்இஐ எண் இல்லை, மாடல் பேர்கூட இல்லை. ரெண்டு நாள் அலைச்சலுக்கு அப்புறம், போனை ஒப்படைச்சதோட விட்டாங்க. பையன் வேலையை விட்டுட்டு பெங்களூர் போயிட்டான்.

கடைக்காரர் சொன்ன பதில் இது: "சார், நாங்க ரீஃபர்பிஷ்டுதான் விக்கிறோம், எங்க இருந்து வந்துச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்த ரீஃபர்பிஷ்டுங்கிற வார்த்தை மேலதான் எனக்குக் கோபம். ஒரு போனைப் பிரிச்சு, சோதிச்சு, கெட்ட பாகத்தை மாத்தி, யார்கிட்ட வாங்கினோம்னு எழுதி வச்சு, இத்தனை மாசத்துக்கு நான் பொறுப்புன்னு சொல்லி விக்கிறதுக்குப் பேர் அது. துணியால துடைச்சு, மேல ஒரு கண்ணாடி ஒட்டி, புது டப்பாவில போட்டா அது பழைய போன். பழைய போன்னே சொல்லி வித்தா நான் ஏன் சண்டைக்கு வரேன்?

இதே ஊர்ல நேர்மையா அப்படி விக்கிறவங்களும் இருக்காங்க. திருமலை உண்டியல்ல பக்தர்கள் போடுற செல்போன்களை தேவஸ்தானம் ஆந்திர அரசோட கொள்முதல் தளத்துல மின் ஏலம் விடுது. அதோட அறிவிப்புல பயன்படுத்தியது, பகுதி சேதமானதுன்னு வெளிப்படையாப் போடுறாங்க. பெருமாளே தன் போனை 'புதுசு மாதிரி'ன்னு சொல்லி விக்கலை. பஜார்க்காரருக்கு என்ன வந்துச்சு? :-)

"பில் போட்டா ஜிஎஸ்டி 18 சதவீதம் ஏறும் சார், உங்களுக்குத்தான் நஷ்டம்"னு ஒரு பாட்டு பாடுவாங்க. மாமா விழுந்தது இதுலதான். 6,500க்கு 18 சதவீதம்னா 1,170 ரூபா, பத்து போனுக்கு 11,700. யாருக்கும் மனசு அடிச்சுக்கும். ஆனா பழைய பொருள் விக்கிறவருக்கு விதியே வேற. வாங்கின விலைக்கும் விக்கிற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினா போதும், வாங்கும்போது உள்ளீட்டு வரி வரவு எடுக்காம இருந்தா. 5,000க்கு வாங்கி 6,500க்கு வித்தா, 1,500க்குத்தான் வரி. 270 ரூபா! இதை மறைச்சு 1,170 பூச்சாண்டி காட்டுறாங்க. ஜிஎஸ்டி பதிவே இல்லாத சின்னக் கடையா? வெள்ளைத் தாள்ல பேர், தேதி, ஐஎம்இஐ எழுதி கையெழுத்துப் போட எந்த வரியும் இல்லையே.

பில் போடாததுக்குக் காரணம் வரி இல்லைங்க. எண்ணை எழுதினா அந்த எண்ணுக்குப் பதில் சொல்லணும். அவ்வளவுதான்.

சட்டமும் சின்ன ஆபீஸ்காரனைக் கைவிட்டிருக்கு, இதையும் சொல்லணும். 2019 நுகர்வோர் சட்டப்படி வியாபாரத்துக்காக வாங்கினவர் நுகர்வோரே கிடையாது. சுயதொழில் செஞ்சு பிழைக்கிறவருக்கு மட்டும் விலக்கு. பத்து பேருக்குச் சம்பளம் குடுக்கிற மாமா அதுக்குள்ள வருவாரான்னு வக்கீல் வச்சு வாதாடணும். வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டின பழைய போனுக்கு, வாங்கினவர் உள்ளீட்டு வரியும் எடுக்க முடியாது. ஆக கம்பெனி பேர்ல வாங்கினா நுகர்வோர் மன்றமும் சந்தேகம், வரி வரவும் இல்லை. ஜெர்மனியில நான் என் சொந்த உபயோகத்துக்குக் கடையில பழைய போன் வாங்கினா, குறைஞ்சது ஒரு வருஷத்துக்குக் கடைக்காரர் பொறுப்பு. இங்க உள்ளவன் யோக்கியன்னு சொல்ல வரலை. பொறுப்புன்னு எழுதி வச்சிருக்கு, அதனால எண்ணை எழுதுறான்.

நம்ம ஊர்ல வசதியே இல்லைன்னும் சொல்ல முடியாது. போன்ல *#06# அடிச்சா 15 இலக்க எண் வரும். கேஒய்எம்னு ஆங்கிலத்துல தட்டி, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422க்கு குறுஞ்செய்தி அனுப்பினா, அந்த போன் முடக்கப்பட்டதா இல்லையான்னு பதில் வந்துரும். 2023ல இருந்து சஞ்சார் சாத்தி தளத்துலயும் பார்க்கலாம். பழைய போன் விக்கிறவர் விக்கிறதுக்கு முன்னாடி பட்டியலைப் பார்த்தே ஆகணும்னு 2025 அக்டோபர்ல விதியும் வந்தாச்சு. சித்தூர், திருப்பதி போலீஸ் ரெண்டு பேரும் தொலைஞ்ச போனை நூத்துக்கணக்குல மீட்டு, வரிசையா அடுக்கி வச்சு உரியவங்ககிட்டத் திருப்பிக் குடுக்கிறாங்க. அந்த மேஜை மேல இருக்கிற ஒவ்வொரு போனும் நடுவுல யாரோ ஒருத்தர் கையில இருந்ததுதானே? அதுல எத்தனை பேர் காசு குடுத்து வாங்கின அப்பாவியோ.

"அப்ப புதுசே வாங்குய்யா"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. 2015ல ஸ்ரீசிட்டி ஃபாக்ஸ்கான் ஆலையிலதான் ஷாவ்மி இந்தியாவுல செஞ்ச முதல் போன் வந்துச்சு. அப்ப அது சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரல்ல இருந்து திருப்பதி மாவட்டம். பக்கத்துலயே செய்யிறதால மாமாவுக்கு ஒண்ணும் இலவசமாக் குடுக்கப் போறதில்லை. சின்ன ஆபீசுக்குப் பழைய போன்தான் சரி, நான் இப்பவும் அதைத்தான் சொல்றேன். நல்ல மெக்கானிக் நம்ம பஜார்லயே இருக்கார். அவர் வேலைக்குக் கூலி குடுக்கணும், டப்பாக்காரருக்கு இல்லை.

போன வாரம் மாமா கூப்பிட்டார். இன்னும் நாலு போன் தேவையாம். மூணு கடை ஏறி இறங்கியிருக்கார். எண் எழுதிக் குடுங்கன்னதும் மூணு பேரும் "அதெல்லாம் வேணாம் சார்"னு சொல்லியிருக்காங்க. நாலாவது கடைப் பையன் ஒவ்வொரு போனா *#06# அடிச்சு, 14422க்கு அனுப்பி, வந்த பதிலைக் காட்டிட்டு, நாலு எண்ணையும் பில்லுல எழுதினானாம். பேட்டரிக்கு ஆறு மாசம்னு தனியா ஒரு வரி. போனுக்கு 400 ரூபா அதிகம்.

"1,600 ரூபா தண்டம் மச்சான்"னு முணுமுணுத்தார். பில்லை என்ன பண்ணினீங்க மாமான்னு கேட்டேன். லேமினேட் பண்ணி கல்லாவில வச்சிருக்காராம்.