எட்டா, பதின்மூன்றா? கணினிவழித் தமிழாய்வில் நிரல்தொகுப்பு நிறுவலும் விடுபட்ட கூறுகளும்

‘நாகப்பட்டினம்’ என்னும் சொல்லில் எட்டு எழுத்துகள் உள்ளன என்பதைத் தொடக்கப்பள்ளி மாணவரும் விரல்விட்டு எண்ணிச் சொல்வர். அதே சொல்லைப் பைத்தான் நிரல்மொழியிடம் கொடுத்து அதன் நீளத்தைக் கேட்டால் பதின்மூன்று என விடை வரும். கணினி தவறிழைக்கவில்லை. யூனிகோடு முறையில் ‘நா’ என்பது நகரமும் துணைக்காலும் ஆகிய இரண்டு குறியீடுகள். ‘ப்’ என்பது பகரமும் புள்ளியும் ஆகிய இரண்டு குறியீடுகள். கேட்கப்பட்டது நீளம், கணினி தான் அறிந்த குறியீடுகளை எண்ணிச் சொன்னது. தமிழ் எழுத்து எது என்பதை அதற்குக் கற்பிக்கத் தனியே ஒரு நிரல்தொகுப்பு வேண்டும். முத்து அண்ணாமலை முதலானோர் கட்டற்ற மென்பொருளாக உருவாக்கிய ‘ஓப்பன்-தமிழ்’ அத்தகையது. அதனைக் கொண்டு பிரித்தால் அதே சொல் எட்டு எழுத்துகளாக வந்து நிற்கும்.

இந்த எட்டுக்கும் பதின்மூன்றுக்கும் இடையிலேதான் இன்று பல ஆய்வேடுகளின் நம்பகத்தன்மை ஊசலாடுகிறது. ஆனைமங்கலச் செப்பேட்டின் தமிழ்ப்பகுதியில் வரும் ஊர்ப்பெயர்களின் எழுத்தமைப்பை ஆராய விழையும் நாகப்பட்டினத்து ஆய்வாளர் ஒருவரை எண்ணிப்பார்க்கலாம். நூலொன்றில் கண்ட நிரலைத் தட்டச்சிட்டு இயக்குகிறார். திரையில் ஆறேழு வரிகள் ஓடி, இறுதியில் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்’ என நிற்கிறது. ‘தமிழ்’ என்னும் பெயருடைய கூறு எதுவும் இல்லை என்பது அதன் பொருள். இவ்விடத்தில் அவர்முன் உள்ள வழிகள் மூன்று. முயற்சியைக் கைவிட்டுப் பழையபடி கையால் எண்ணலாம்; அதில் இழப்பு காலம் மட்டுமே. கணினி தெரிந்த ஒருவரிடம் பணியை ஒப்படைக்கலாம். அப்போது வாய்மொழித் தேர்வில் ‘எவ்வாறு எண்ணினீர்?’ என்னும் வினாவுக்கு விடை இராது. மூன்றாவது வழி, பிழை காட்டும் அந்த வரியை நீக்கிவிட்டு, மொழியோடு இயல்பாக வரும் நீளம் காணும் செயல்கூற்றைப் பயன்படுத்துவது. நிரல் தடையின்றி ஓடும், அட்டவணை நிறையும், ‘நாகப்பட்டினம்’ பதின்மூன்று எழுத்துச் சொல்லாக ஆய்வேட்டில் ஏறும். நின்றுபோன நிரலால் எவரும் ஏமாறுவதில்லை. ஓடிவிட்ட நிரலே ஏமாற்றும்.

ஆகவே நிரல்தொகுப்பு நிறுவலில் எழும் சிக்கலைக் கணினிப் பணியாளரின் சில்லறைத் தொல்லை என ஒதுக்குவது பொருந்தாது. அது மூலபாடச் சிக்கலுக்கு இணையானது. பிழைச்செய்தியையும் ஒரு பாடமாகக் கொண்டு படிக்கும் பழக்கம் தமிழ்த்துறைகளில் உருவாக வேண்டும்.

அவ்வாறு படித்தால் முதலில் புலப்படுவது பெயர்ச்சிக்கல். நிறுவும்போது ‘பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்’ எனக் கட்டளையிட வேண்டும். நிரலுக்குள் அழைக்கும்போதோ ‘இம்போர்ட் தமிழ்’ என்றே எழுத வேண்டும். தொகுப்பின் பெயர் வேறு, உள்ளிருக்கும் கூற்றின் பெயர் வேறு. ஏட்டுக்கட்டின்மேல் எழுதியிருக்கும் பெயர் ஒன்றாகவும் உள்ளிருக்கும் நூல் வேறொன்றாகவும் இருப்பதைக் கண்ட சுவடிப் பதிப்பாளர்க்கு இது புதிதன்று. இந்திய மொழிகளுக்கான ‘இண்டிக் என்எல்பி லைப்ரரி’யும் நிரலுக்குள் ‘இண்டிக்என்எல்பி’ என்றே அழைக்கப்படும். படிமங்களைக் கையாளும் ‘பில்லோ’ தொகுப்பு உள்ளே ‘பில்’ ஆகிவிடும். பிழைச்செய்தி கூறும் பெயரை அப்படியே நிறுவல் கட்டளையில் இடுவது பயன் தராது. சிலபோது தீங்கும் விளைக்கும். பைத்தானின் பொதுத் தொகுப்புக் களஞ்சியத்தில் எவரும் எதனையும் இடலாம். புகழ்பெற்ற பெயர்களோடு ஓரெழுத்து மட்டும் வேறுபடும் பெயரில் தீய நிரல்களை இட்டு வைத்த நிகழ்வுகள் பலமுறை கண்டறியப்பட்டுள்ளன. உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத தொகுப்பின் பெயரை இருப்பதுபோல் கூறுவதும் உண்டு. தொகுப்பை உருவாக்கியோர் தந்த விளக்கக்குறிப்பைப் பார்க்காமல் கட்டளை இடலாகாது.

தமிழாய்வாளர்க்கே உரிய இடர் ஒன்றும் இதில் உண்டு. தாம் எழுதும் முதல் நிரற்கோப்புக்குத் தமிழறிஞர் ஒருவர் என்ன பெயர் இடுவார்? பெரும்பாலும் ‘தமிழ்’ என்றே இடுவார். பைத்தான் ஒரு கூற்றைத் தேடும்போது, இயக்கப்படும் கோப்பு இருக்கும் உறையிலேயே முதலில் தேடும். அங்கே ‘தமிழ்’ என்னும் பெயரில் ஆய்வாளர்தம் கோப்பு இருப்பதால் அதனையே எடுத்துக்கொண்டு, முறையாக நிறுவப்பட்ட தொகுப்பை எட்டியும் பாராது. அதன் உட்கூற்றை அழைத்தால் ‘தமிழ் ஒரு தொகுப்பு அன்று’ எனப் பிழைச்செய்தி சொல்லும். இதனைக் கண்டு நூறுமுறை மீண்டும் நிறுவினாலும் பயனில்லை. கோப்பின் பெயரை மாற்றினால் போதும். இவ்வளவு எளிய செய்தியைத் தமிழ்த்துறைப் பயிலரங்குகள் முதல் நாளிலேயே சொல்லிவிடலாம்.

ஒரே கணினியில் இரண்டு பைத்தான்கள் இருப்பது அடுத்த காரணம். ஒன்றில் நிறுவிவிட்டு மற்றொன்றில் இயக்கினால் கூறு கிடைக்காதுதான். தஞ்சாவூர் நூலகத்தில் வைத்த நூலை நாகப்பட்டினம் நூலகத்தில் தேடுவதை ஒக்கும் இது. எந்தப் பைத்தான் இயங்குகிறதோ அதன்வழியாகவே நிறுவல் கட்டளையை இடுவதும், ஆய்வுக்கொரு மெய்நிகர் சூழலை அமைத்துக்கொள்வதும் இதற்குத் தீர்வு. மெய்நிகர் சூழலை அமைக்கும் வசதி பைத்தான் 3.3 முதல் மொழியோடு உடன்வருகிறது. டெபியன் 12 முதலான அண்மைக்கால லினக்ஸ் பதிப்புகள் பொதுச்சூழலில் நேரடியாக நிறுவுவதை மறுத்து, இத்தனிச்சூழலை அமைக்குமாறு அறிவுறுத்துகின்றன. பலர் இதனைக் கணினியின் பழுது எனக் கருதி, அம்மறுப்பை மீறும் கட்டளையைத் தேடிப் பிடிக்கின்றனர். அது தடுப்பணையை உடைத்துத் தண்ணீர் எடுப்பது போன்றது. அன்றைக்கு வயல் நனையும், அவ்வளவே.

இவையெல்லாம் பைத்தானுக்குள் அடங்கும் சிக்கல்கள். தமிழாய்வுக் கருவிகள் பலவற்றில் தேவைப்படும் பொருள் பைத்தானுக்கு வெளியே உள்ளது என்பதே கூடுதல் கவனத்துக்குரியது. அச்சுநூல்களைப் படிமத்திலிருந்து எழுத்தாக்கப் பயன்படும் ‘பைடெசராக்ட்’ வெறும் இடைநிலைத் தூதுவர்; எழுத்தறியும் பணியைச் செய்வது ‘டெசராக்ட்’ என்னும் தனி மென்பொருள். அதனை நிறுவினாலும் தமிழுக்கான பயிற்சித்தரவுக் கோப்பு உரிய உறையில் இல்லையெனில் தமிழ் எழுத்து அதற்குத் தெரியாது. இலங்கையில் சர்வேஸ்வரன், கிஹான் டயஸ் முதலானோர் உருவாக்கிய ‘தமிழிமார்ஃப்’ என்னும் உருபனியல் பகுப்பான் ‘ஃபோமா’ என்னும் முடிவுறுநிலைக் கருவியைச் சார்ந்தது. பைத்தான் தொகுப்புகளை மட்டும் நிறுவி அதனை இயக்க இயலாது. ‘இண்டிக் என்எல்பி’யின் சில பகுதிகளுக்கு மொழிவளக் கோப்புகளைத் தனியே இறக்கி, அவை இருக்கும் இடத்தையும் சுட்ட வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டான்சா’வுக்குத் தமிழ் மாதிரியைத் தனியே இறக்க வேண்டும், அதன் அடியில் பல நூறு மெகாபைட் அளவுள்ள ‘பைடார்ச்’ இருக்கிறது.

காவிரியின் கடைமடையான நாகப்பட்டினத்தார்க்கு, மேட்டூரில் சூன் 12ஆம் நாள் மதகு திறந்துவிட்டதாலேயே தம் வயலுக்கு நீர் வந்துவிடாது என்பது தெரியும். தொகுப்புக் களஞ்சியம் உலகுக்கே திறந்திருப்பினும், அளந்து தரப்படும் கைபேசித் தரவைக் கொண்டு பணியாற்றும் ஆய்வாளரிடம் அது வந்துசேர்வதற்குள் பாதிவழியில் அறுந்துபோவதுண்டு. அறுந்த நிறுவலும் ‘கூறு இல்லை’ என்னும் அதே பிழைச்செய்தியாகவே வெளிப்படும். இணையத்திலேயே இயங்கும் ‘கோலாப்’ போன்ற ஏடுகளைப் பயன்படுத்தலாமே எனச் சொல்வோர் உளர். அவற்றில் கூடுதலாக நிறுவியவை அமர்வு முடிந்ததும் மறைந்துவிடும். மறுநாள் மீண்டும் முதலிலிருந்து நிறுவ வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியைத் தாக்கியபின் பல ஊர்கள் நெடுநாள் மின்சாரமின்றிக் கிடந்தன. இத்தகைய கடற்கரை மாவட்டத்தில் எல்லாவற்றையும் தொலைதூர வழங்கியிடம் ஒப்படைப்பது அறிவுடைமையாகாது. தேவையான தொகுப்புகளைச் சார்புகளோடு ஒருமுறை இறக்கி, விரலியில் வைத்துக்கொண்டு, இணையமின்றியே நிறுவும் வசதி ‘பிப்’ கருவியில் உள்ளது. கல்லூரித் தமிழ்த்துறை ஒவ்வொன்றும் அத்தகைய விரலி ஒன்றை வைத்திருப்பது பெருஞ்செலவன்று. ஆயினும் கணினிகள் இயங்கும் இயங்குதளத்துக்கும் பைத்தான் பதிப்புக்கும் பொருந்தும் கோப்புகளாக அவை இருத்தல் வேண்டும்.

துணைப்பொருள் வாராமையால் முதற்பொருள் முடங்குவது இக்கடற்கரைக்குப் பழைய செய்திதான். 2020 வரை நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்த தரங்கம்பாடிக்கு, சீகன்பால்குவின் அச்சுப்பணிக்காக இலண்டனிலிருந்து அனுப்பிய அச்சுப்பொறி 1712இல் வந்துசேர்ந்தது. அதனை இயக்க வந்த யோனாஸ் ஃபிங்க் வழியிலேயே இறந்துபோனார். பொறியோடு வந்தவை உரோமன் எழுத்துகள். தமிழ் எழுத்துகள் செருமனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் வந்தன. அவை பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. பின்னர்ச் சிற்றெழுத்துகள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. தாளுக்காகப் பொறையாற்றில் ஆலை அமைந்தது. பொறி, எழுத்து, தாள், ஆள் என எது எதனைச் சார்ந்துள்ளது என்பதை அப்பணியாளர்கள் எழுதி வைத்தமையாலேயே இன்று அவ்வரலாறு நமக்குக் கிடைக்கிறது.

அண்மைக்கால நிகழ்வு ஒன்றும் நினைவுகூரத்தக்கது. யூனிகோடு பரவும்முன் ‘பாமினி’ முதலான எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆய்வேடுகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றின. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் ‘டாம்’, ‘டாப்’ குறியேற்றங்கள் முன்வைக்கப்பட்டன. தமிழ்நாட்டரசு யூனிகோடை ஏற்றது 2010இல். அந்த இடைக்காலத்தில் உருவான கோப்புகளில், எழுத்துருவின் பெயர் குறிக்கப்பட்டவை இன்று எளிதில் மாற்றப்படுகின்றன. குறிக்கப்படாதவற்றை ஊகத்தால் மீட்க வேண்டியுள்ளது. நிரல்தொகுப்புகளிலும் அதே நிலை உருவாகிவருகிறது. இந்திய மொழிகளுக்கான ‘ஐஎன்எல்டிகே’ தன் நிறுவல் குறிப்பில் ‘பைடார்ச்’ 1.3.1 பதிப்பைக் கேட்டது. அக்காலப் பைத்தானுக்கு உருவான அப்பதிப்பு இன்றைய பைத்தானில் நிறுவலை ஏற்பதில்லை. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 சனவரியோடு முடிந்தது; அதில் எழுதிய நிரல்கள் பல திருத்தமின்றி இயங்கா. பத்தாண்டுகளுக்குமுன் ஒருவர் கண்ட முடிவை இன்று மற்றொருவர் சரிபார்க்க முனைந்தால், முடிவு தவறா, கருவியின் பதிப்பு வேறா என்பதை எவ்வாறு அறிவார்?

தமிழறிஞர் நுட்பப் பணியாளராக மாற வேண்டுமா என்னும் மறுப்பு எழலாம். நியாயமான மறுப்பே, தொல்காப்பியமும் சங்க இலக்கியமும் கற்கவே வாழ்நாள் போதாத நிலையில் மெய்நிகர் சூழலையும் கற்கச் சொல்வது சுமையாகத் தோன்றும். எனினும் உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரையில் எந்தெந்த ஏடுகள் எவரிடமிருந்து கிடைத்தன, எவை குறையுடையன எனக் குறித்தபோது அவர் ஓலை செய்யும் தொழிலராக மாறிவிடவில்லை. தம் முடிவு எதன்மேல் நிற்கிறது என்பதைச் சொன்னார். கணினிவழி ஆய்வாளரிடம் கோரப்படுவதும் அதுவே. ‘பதிப்பு’ என்னும் சொல்லையே நூலுக்கும் மென்பொருளுக்கும் தமிழ் வழங்கிவருகிறது. நூற்பதிப்பைக் குறிக்காத அடிக்குறிப்பை ஏற்காத மதிப்பீட்டாளர்கள், மென்பொருட்பதிப்பைக் குறிக்காத அட்டவணையை ஏற்றுவருவது வியப்புக்குரியது.

இதற்கு வேண்டிய இடம் மிகுதியன்று. பைத்தானின் பதிப்பெண், தொகுப்புகளின் பெயரும் பதிப்பெண்ணும், தனியே இறக்கிய தமிழ் மாதிரி அல்லது தரவின் பெயரும் இறக்கிய நாளும் என மூன்று வரிகள் போதும். ‘பிப் ஃப்ரீஸ்’ என்னும் கட்டளை தொகுப்புகளின் பட்டியலைத் தானே எழுதித்தரும். டெசராக்ட், ஃபோமா போன்ற வெளிக்கருவிகள் அதில் இடம்பெறா, அவற்றை ஆய்வாளரே சேர்க்க வேண்டும். நான்காவதாக ஒரு வரி எழுத மனமுடையோர், நிறுவ இயலாமற்போன தொகுப்பு எது, அதற்கு மாற்றாக எது பயன்பட்டது என்பதையும் குறிக்கலாம். எழுத்தெண்ணிக்கை, சொல்நீளம், எதுகை மோனை ஆகியவற்றைக் கணினிவழிக் கண்ட கட்டுரை மதிப்பீட்டுக்கு வரும்போது, அந்த நிரல் ‘நாகப்பட்டினம்’ என்னும் சொல்லுக்கு எட்டு எனச் சொல்கிறதா, பதின்மூன்று எனச் சொல்கிறதா என்று மதிப்பீட்டாளர் ஒரு வினா எழுதியனுப்ப அரைநிமிடம் ஆகும்.