எட்டு வாரக் கல்லூரி சிப்பிகாட்டுக்கு வரட்டும்!

சிப்பிகாட்டைப் பார்த்தவர்கள் அந்தத் தண்ணீரை மறக்க மாட்டார்கள். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் தரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சுனாமியாக உள்ளே வந்த கடல் பல வயல்களைவிட்டுத் திரும்பிப் போகவில்லை. நெல் விளைந்த இடத்துக்கு இன்று பறவை பார்க்க வருகிறார்கள். பறவைக்கு நல்லதுதான். நிலம் போனவன் பிள்ளைக்கு என்ன வழி?

அந்தப் பிள்ளை பன்னிரண்டாவது முடித்ததும் மேஸ்திரி பின்னால் சித்தாளாகப் போகிறது. கல்லூரி இல்லாமல் இல்லை. 1967-லேயே போர்ட் பிளேரில் அரசுக் கல்லூரி வந்துவிட்டது. அந்த ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்கூட மாறிவிட்டது. ஆனால் மூன்று ஆண்டு பகல் முழுவதும் வகுப்பில் உட்கார, அன்றாடக் கூலிக்காரன் பிள்ளையால் முடியவில்லை. சங்கத்துக்கு வரும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: கூலியை விடாமல் படிக்க வழி உண்டா?

உண்டு என்கிறோம். மாசி, பங்குனி இரண்டு மாதமும் இங்கே மழை குறைவு. அந்த எட்டு வாரத்தில் ஒரு குறும்பருவம் நடத்தட்டும். இது நம் கற்பனை அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1971 முதல் ஜனவரியில் இப்படிக் குறும்பருவம் நடத்துகிறது. நம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டுக் கட்டமைப்பும், முதலாண்டோடு வெளியேறும் மாணவர் சான்றிதழ் பெற, விடுமுறையில் 4 மதிப்பலகுத் தொழிற்பாடம் முடிக்க வேண்டும் என்கிறது. ஒரு மதிப்பலகுக்கு 30 மணி நேரம், நான்குக்கு 120. தினம் மூன்று மணி, வாரம் ஐந்து நாள், எட்டு வாரம். கணக்கு சரியாக வருகிறது.

பாடம் எது? நம் கண்முன் கிடப்பதே. உப்பேறிய மண்ணைச் சோதிப்பது, உவர்நீர்க் குளத்தில் மீனும் நண்டும் வளர்ப்பது, படகு எஞ்சின் பழுது பார்ப்பது. பசிபிக் தீவுகளிலிருந்து வந்த தென்னை இனங்கள் வளரும் தோப்பு சிப்பிகாட்டிலேயே இருக்கிறது. அதைவிட நல்ல பாடசாலை எந்தப் பட்டணத்தில் உண்டு?

கைத்தொழில் படிப்பு என்றதும் தமிழனுக்கு 1953 நினைவு வரும். ராஜாஜி அரசின் அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்தோம். 1954-இல் காமராசர் ஆட்சியில் அது ஒழிந்தது. அந்த அச்சம் நியாயமானது. உழைப்பவன் பிள்ளைக்குக் கைவேலை, உள்ளவன் பிள்ளைக்குப் பட்டம் என்று பிரித்தால் இந்தக் குறும்பருவத்தையும் எதிர்ப்போம்.

ஆகவே மூன்று நிபந்தனை வைக்கிறோம். ஒன்று, இங்கே பெறும் மதிப்பலகு பட்டப்படிப்பில் சேர வேண்டும். 2021-இல் விதி வகுத்த மதிப்பலகு வங்கியில் அதை வரவு வைக்கலாம். பிள்ளை பிறகு வந்து மீதியை முடிக்கட்டும். இரண்டு, மழையில்லா மாதம்தான் கட்டட வேலையும் சுற்றுலா வேலையும் மும்முரமாக நடக்கும் காலம். எனவே வகுப்பு மாலையில் நடக்கட்டும். செய்முறைக்குப் போகும் பகலுக்கு உதவித்தொகை தரட்டும். மூன்று, தமிழிலும் சொல்லித் தரட்டும்.

ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் எங்களுக்கு ஒன்று தெரியும். ஆள் ஏறாத நேரத்தில் வண்டியை விட்டுவிட்டு, ஊரில் பயணிகளே இல்லை என்று குறிப்பு எழுதக் கூடாது. நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். படிப்பில் அக்கறையில்லாத பிள்ளைகள் என்று நம் பிள்ளைகளைப் பற்றி எழுதப்படுவதும் அப்படிப்பட்ட குறிப்புதான்.

தோழர்களே, நம் வீடுகளில் பன்னிரண்டாவதோடு நின்ற பிள்ளைகளின் பெயர், வயது, செய்யும் வேலை ஆகியவற்றை எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். பட்டியலோடு போய்க் கேட்போம். வெறுங்கையோடு போனால் விசாரித்து அனுப்பிவிடுவார்கள்.