சம்பளம் கூடும், வேலை நிலைக்குமா?

கால்பந்து பயிற்சியாளருக்கு அழைப்பு வருகிறது. "இரு மடங்கு சம்பளம் தருகிறோம், வாருங்கள்" என்கிறார்கள். போகலாமா?

கையெழுத்துப் போடுமுன் ஒன்று கேட்க வேண்டும். தோற்றால் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

இங்கிலாந்தில் லெஸ்டர் என்று ஓர் ஊர். அந்த ஊர் அணிக்கு ரனியேரி பயிற்சியாளர். 2016-ல் அது நாட்டின் லீக் பட்டத்தையே வென்றது. யாரும் எதிர்பாராத வெற்றி! ஒன்பதே மாதம். 2017 பிப்ரவரியில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வென்று கொடுத்தவருக்கே இந்தக் கதி!

மான்செஸ்டர் யுனைடெட் வேறு விதம். 1986-ல் பெர்குசன் அங்கே சேர்ந்தார். 1990 வரை ஒரு கோப்பையும் கிடைக்கவில்லை. நிர்வாகம் பொறுத்தது. அவர் 26 ஆண்டு நீடித்தார். இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவருடைய பிள்ளைகள் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் மாற வேண்டாம். சம்பளம் சற்றுக் குறைவாயினும் அதை விடலாகாது.

ஆனால் வேலை நிலைத்தாலும் வீட்டில் இருக்க நேரம் கிடைப்பதில்லை. சனி, ஞாயிறு ஊரார் ஓய்வெடுக்கும் நாள். பயிற்சியாளருக்கு அன்றுதான் பெரும்பாலும் பந்தயம்.

2002-ல் ஓய்வு பெற இருந்தார் பெர்குசன். மனைவியும் மக்களும் தடுத்துவிட்டார்கள். சும்மா இருக்கும் கணவரை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது என்று அந்த அம்மாள் நினைத்தாரோ, என்னவோ!

பிறகு அந்த அம்மாளின் சகோதரி இறந்தார். அவர் தனிமையில் வாடினார். அவருக்குத் துணையாக இருக்கவே 2013-ல் விலகியதாகப் பெர்குசன் சொன்னார். அப்போது அவருக்கு வயது 71.