பிடிப்பு வேறு, கிழிசல் வேறு

காவலர் தேர்வுக்கு இளைஞர்கள் ஓடிப் பழகும் மைதானம் எதற்காவது விடியற்காலையில் போய்ப் பாருங்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடித்தாக வேண்டும். பாதி ஓட்டத்தில் ஒருவன் பின்தொடையைப் பற்றிக்கொண்டு உட்காருகிறான். "சதை பிடிச்சுக்கிச்சுண்ணே." மூத்தவர் ஒருவர் ஓடி வந்து அவனை மல்லாக்கப் படுக்கவைக்கிறார், காலைத் தன் தோளில் ஏற்றி, முட்டி மடங்காமல் அவன் தலைப்பக்கம் தள்ளுகிறார். பையன் அலறுகிறான். "வலிச்சாத்தான்டா விடும்" என்று இன்னும் ஒரு சாண் தள்ளுகிறார்.

அவர் கெட்டவர் இல்லை. ஒரே சொல்லில் இரண்டு நோவை அடக்கிவைத்திருக்கிறோம், அதில்தான் ஏமாந்துபோகிறார். நடுராத்திரியில் கெண்டைக்கால் சதை உருண்டு கல்லாகிறதே, அதுவும் பிடிப்பு. வேகமாக ஓடும்போது தொடையில் சுரீரென்று வெட்டுகிறதே, அதுவும் பிடிப்பு. முன்னதில் சுருங்கிய சதை விரிய மறுக்கிறது. கால்விரல்களை முகத்தை நோக்கி இழுத்தால் சற்று நேரத்தில் இளகிவிடும். பின்னதில் தசை இழைகள் அறுந்திருக்கின்றன. கிழிந்த வேட்டியை இரு முனையும் பிடித்து இழுத்தால் கிழிசல் மூடிக்கொள்ளுமா?

"ஓடுவதற்கு முன்னால் ஒழுங்காக இழுத்துவிட்டிருந்தால் இது வந்திருக்குமா?" என்பார்கள். அதையும் சோதித்துப் பார்த்தாயிற்று. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1538 பேரை இரண்டு பிரிவாக்கி 12 வாரம் கவனித்தார்கள். இரு பிரிவினரும் உடலைச் சூடேற்றிக்கொண்டார்கள். ஒரு பிரிவினர் மட்டும் கால் தசைகளை நீட்டி நிறுத்தும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தார்கள். 2000-இல் வெளியான முடிவு: கால் காயங்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மறுநாள் வரும் உடம்புவலியைக்கூட நீட்சிப் பயிற்சி 100 புள்ளி அளவுகோலில் ஒரு புள்ளி அளவுக்குத்தான் குறைக்கிறது என்று 2011-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

நீட்சிப் பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. நாள்தோறும் செய்தால் உடம்பு வளையும். நடனமாடுகிறவருக்கு அது வேண்டும்.  ஆனால் வளைவது வேறு, ஆறுவது வேறு. அறுந்த இழை கூடுவதற்கு முதல் சில நாள் அதை இழுக்காமல் விட வேண்டும். பிறகு வலி அனுமதிக்கும் அளவுக்கு நடை, அதன்பின் சிறுகச் சிறுகப் பளு, கடைசியில்தான் வேகம்.

அடையாளம் காண்பதும் அப்படியொன்றும் கடினமில்லை. கட்டியாகத் திரண்டு சில நிமிடத்தில் கலைந்தால் பிடிப்பு. ஓட்டத்தின் நடுவே வெட்டி, வலிக்கும் இடத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட முடிந்தால் அது கிழிசலாக இருக்கலாம். அங்கே ரத்தம் கன்றினாலோ கால் ஊன்ற முடியாவிட்டாலோ மருத்துவரிடம் போகவேண்டும்.

மைதானத்து அண்ணன்மாரே, தம்பி அலறுவது சதை விடுவதால் அல்ல. அந்தக் காலைத் தோளிலிருந்து இறக்குங்கள்.