அரவைக்கு வரும் புதுத் தோழர்

ஆண்டுதோறும் மழை ஓயும் வேளையில் நம் மாநிலத்துக் கரும்பு ஆலைகளில் பாய்லருக்குத் தீ மூட்டுகிறார்கள். நெல்லிக்குப்பமானாலும் சரி, மோகனூரானாலும் சரி, மூங்கில்துறைப்பட்டு, குருங்குளமானாலும் சரி, அரவை தொடங்கியதும் ஆலைக் கேட்டில் புது முகங்கள் தோன்றுகின்றன. நடவு முடித்து வேலையற்று இருந்தவர்களும், கடன்காரனுக்குப் பதில் சொல்ல முடியாதவர்களும், படித்துவிட்டு வீட்டிலே உட்கார்ந்திருக்கும் இளைஞர்களும் வருகிறார்கள். நேற்றுவரை விவசாயத் தொழிலாளி, இன்று இரவு ஷிப்டு ஆள். கரும்பு தீர்ந்ததும் மறுபடி வயலுக்குப் போய்விடுவார். ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒரே உடம்பில் குடியிருக்கும் மனிதர் இவர்.

நிர்வாகத்துக்கு இவர் ஒரு தலைக் கணக்கு. நம் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு இவர் யார்? இதைப்பற்றித்தான் இந்த வாரம் பேச விரும்புகிறோம்.

ஆலை ஏன் இரவெல்லாம் ஓட வேண்டும் என்று புதியவர் கேட்பது நியாயமே. வெட்டிய கரும்பில் சர்க்கரைச் சத்து மணிக்கு மணி குறைகிறது. ஒரு நாளுக்குள் அரைத்துவிடுவது உத்தமம். பிழிந்த சாற்றைத் தேக்கி வைத்தால் புளித்துப்போகும். சக்கையே பாய்லருக்கு எரிபொருள் ஆகையால் அரவை நின்றால் நீராவிக்கும் தட்டுப்பாடு. எனவே பருவம் முடியும்வரை 24 மணி நேரமும் ஓட்டம்தான். இதில் நமக்குத் தகராறு இல்லை. கரும்புக்கு இரவு பகல் கிடையாது. ஆனால் மனித உடம்புக்கு உண்டே! அந்த வித்தியாசத்தின் சுமையை யார் தலையில் ஏற்றுகிறார்கள் என்பதில்தான் தகராறு.

முதல் வாரம் கொடியது. விடியற்காலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் உடம்பின் சூடு தணிகிறது. இமை கனக்கிறது. கேட்ட சொல் காதில் ஏறுவதில்லை. இதைப் பார்த்து மேஸ்திரி "சோம்பேறி" என்கிறான். சோம்பல் அல்ல, அது உடம்பின் இயற்கை. நாள்பட்ட இரவு வேலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007இல் வகைப்படுத்தியது. 2019இல் மறுபடி ஆராய்ந்து அதே முடிவை உறுதி செய்தது. இரவில் உழைப்பவர் கேட்டால் அவருக்கு இலவச மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1990இல் தன் 171ஆவது ஒப்பந்தத்தில் எழுதியது. நம் பருவத் தொழிலாளிக்கோ, 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டமே கதவை மூடியது. கரும்பு ஆலை, பஞ்சு அரைக்கும் ஆலை, கடலை உடைக்கும் ஆலை இவையெல்லாம் "பருவகால ஆலை" என்று விலக்கி வைக்கப்பட்டன. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த விலக்கை நீக்கவில்லை. நான்கு மாதம் உழைப்பவனுக்கு நான்கு மாதம் காய்ச்சல் வராதா?

"பகலில் தூங்கிக்கொள்" என்பார்கள். எங்கே தூங்குவது? ஓர் அறை வீடு, தகரக் கூரை, அழும் குழந்தை. மனைவி பாத்திரம் துலக்கினாலும் சத்தம், துலக்காவிட்டால் குடித்தனம் நடக்காது. அரவைக் காலத்தில்தான் மார்கழியும் வருகிறது. இரவு ஷிப்டு முடித்து இவர் பாய் விரிக்கும் நேரத்தில் கோவில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். பக்திக்கு விரோதமாக நாம் ஒன்றும் சொல்ல வரவில்லை. குழாயின் வாயைச் சற்றுத் திருப்பி வைத்தால் தெய்வம் கோபித்துக்கொள்ளாது என்று மட்டும் சொல்லுகிறோம். இன்னும் சிலர் இரவில் ஆலை, பகலில் களையெடுப்பு என்று இரண்டுக்கும் போகிறார்கள். இதைப் பேராசை என்று பேசுகிறவர்கள் அவர்களுடைய கடன் சீட்டைப் பார்த்ததில்லை.

இந்த நிலையில் புதியவருக்கு முதல் பாதுகாப்பு எது? சுவரில் ஒட்டிய எச்சரிக்கைத் தாளா? அதை அவர் படிப்பதற்குள் பாதி பருவம் போய்விடும். பக்கத்தில் நிற்கும் பழைய தொழிலாளிதான் பாதுகாப்பு. துண்டைத் தோளில் போடாதே, தலையில் கட்டு; தோளில் தொங்கும் துண்டு உருளையில் சிக்கினால் துண்டோடு போகாது. சாறு சிந்திய தரை எண்ணெய் தரை மாதிரி, குதிகாலை ஊன்றி நட. கேரியரில் கரும்பு அடைத்துக்கொண்டால் கையை விடாதே. மெஷினை நிறுத்தச் சொல், நின்றதைக் கண்ணால் பார், பிறகு தொடு. தூக்கம் தாங்கவில்லை என்று சக்கைக் குவியலில் சாயாதே. மெத்தையைப் போலத்தான் இருக்கும், ஆனால் சக்கை அள்ளும் லோடர் வண்டி இருட்டில் அங்கேதான் வரும். இவை எந்தப் புத்தகத்தில் படித்தவை? இருபது பருவம் இரவில் நின்றவர்கள் தங்கள் உடம்பில் படித்தவை. அவர்கள் வாய் திறக்காவிட்டால் புதியவர் தம் உடம்பைக் கொடுத்துத்தான் கற்க வேண்டும்.

ஆகையால் யார் முதலில் பேசுவது என்பது சின்ன விஷயமல்ல. புதியவர் பேசமாட்டார், அவருக்குக் கூச்சம். நிரந்தரத் தொழிலாளியே முதலில் பேச வேண்டும். "தம்பி, எந்த ஊரு?" என்று கேட்பது நல்லது. அதற்குமேல் "அந்த ஊரில் எந்தத் தெரு?" என்று ஏன் கேட்க வேண்டும்? அந்தக் கேள்வியின் உள்கருத்து எல்லோருக்கும் தெரியும். பதில் வந்ததும் சோற்றுத் தூக்கு எங்கே வைக்கப்படும், டீ எந்தக் கையில் கொடுக்கப்படும் என்று தீர்மானமாகிறது. நடுஇரவில் ஒரே பாய்லரின் வெப்பத்தில் வெந்தவர்கள், சாப்பாட்டு நேரத்தில் இரண்டு மூலையில் உட்காருவதை நாம் கண்டிருக்கிறோம். சங்கக் கொடியை ஒன்றாகப் பிடித்த கைகளும் அவற்றில் உண்டு என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம். சேரியிலிருந்து வந்த இளைஞன் தூக்கைத் திறக்காமல் இருட்டில் போய் நின்றால், "இங்கே வாப்பா, குழம்பு என்ன?" என்று ஓர் அண்ணன் கூப்பிட வேண்டும். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு கூட்டத் தீர்மானத்தைவிட எடை அதிகம்.

"இவர்கள் காண்ட்ராக்டர் ஆட்கள். நம் பிள்ளைகளுக்கு வரவேண்டிய வேலையைப் பறிக்கிறார்கள். இவர்களோடு என்ன சிநேகம்?" என்று சில தோழர்கள் வாதாடுகிறார்கள். வேலையைப் பறித்தது யார்? நிரந்தர இடங்களை நிரப்பாமல் வைத்தவர் யார்? பசித்து வந்தவர் அல்ல. ஒரே வேலையை இரண்டு கூலியில் செய்யவைப்பது நிர்வாகத்துக்கு லாபம். அந்த இருவரும் பேசிக்கொள்ளாமல் இருப்பது அதைவிடப் பெரிய லாபம். பேசிக்கொண்டால் கூலியை ஒப்பிடுவார்களே!

கூலி மட்டுமா? சர்க்கரைத் தொழிலில் பதிவு பெற்ற பருவத் தொழிலாளிக்கு, அரவை இல்லாத மாதங்களில் சம்பளத்தில் ஒரு பங்கு கொடுக்கும் வழக்கம் போராடிப் பெற்ற உரிமை. பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு அது எட்டாது. 1972ஆம் ஆண்டின் கிராஜுவிடி சட்டம் பருவத் தொழிலாளிக்கு ஒவ்வொரு பருவத்துக்கும் 7 நாள் சம்பளம் என்று விதித்தது; ஆலை ஓடிய நாட்களில் நூற்றுக்கு 75 நாள் வேலை செய்திருந்தால் அது தொடர்ந்த சேவை என்று ஒப்புக்கொண்டது. 120 நாள் ஓடியது என்றால் 90 நாள். அந்த 90 நாளுக்கு ருசு எங்கே? காண்ட்ராக்டரின் நோட்டிலா? அந்த நோட்டு எந்த அடுப்பில் எரியும் என்று யாருக்குத் தெரியும்! பக்கத்தில் நின்று வேலை செய்தவரின் சாட்சிதான் மிஞ்சும். பெயர் தெரியாதவருக்கு எப்படிச் சாட்சி சொல்வது? "ஒல்லியாக ஒரு பையன் வந்தான்" என்றால் எந்த அதிகாரி எழுதிக்கொள்வார்?

வட மாநிலங்களிலிருந்தும் இப்போது காண்ட்ராக்டர்கள் ஆட்களைக் கொண்டுவருகிறார்கள். மொழி தெரியவில்லை என்று ஒதுங்குவது சரியல்ல. "ரோக்கோ" என்றால் நிறுத்து, "ஹாத் ஹடாவ்" என்றால் கையை எடு. இந்த இரண்டைப் பழையவர்கள் கற்றுக்கொள்ளட்டும். அவர்களுக்கு "நிறுத்து", "கையை எடு" இரண்டையும் கற்றுக்கொடுக்கட்டும். மற்ற பேச்சு டீக்கடையில் தானாக வளரும். ஒரே பீடிக்கு நெருப்புக் கேட்க எந்த மொழியும் வேண்டியதில்லை.

புதுத் தோழருக்கும் ஒரு வார்த்தை. "நாலு மாசம்தானே, நமக்கெதற்கு வம்பு" என்று தலையைக் குனிந்துகொண்டு போகாதீர்கள். நாலு மாதத்திலும் விரல் போகும், கூலி பாக்கி விழும். தெரியாததைக் கேளுங்கள், கேட்பதில் மானக்குறைவு இல்லை. விடியற்காலையில் கண் சொக்கினால் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லுங்கள். அவருக்கும் சொக்கியிருக்கும், சொல்லாமல் இருந்திருப்பார். அரவை முடிந்து ஊருக்குப் போனபின் அவர்களை மறந்துவிடவும் வேண்டாம். அறுவடைக் கூலிக்காக நீங்கள் வரப்பில் நிற்கும் நாளில் ஆலைத் தொழிலாளி உங்கள் ஊருக்கு வருவதற்கு, இந்த நாலு மாதப் பழக்கமே வழி செய்யும்.

சங்கங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. பாய்லர் மூட்டிய முதல் வாரத்திலேயே ஷிப்டுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். 40 பக்க நோட்டு போதும். இரவு சாப்பாட்டு நேரத்தில் புதியவர்களை உட்காரவைத்து, பெயர், வந்த தேதி, காண்ட்ராக்டர் பெயர், அடிபட்டால் வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற விவரம் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். நோட்டு ஆலைக்குள் இருக்க வேண்டாம். ஷிப்டு பிரதிநிதியின் வீட்டில் இருக்கட்டும்.