பழைய மானிட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்

நீல நிறத் தலை, இரு பக்கமும் கையால் முறுக்கும் திருகாணி, மூன்று வரிசையில் 15 ஊசிகள். விஜிஏ கேபிளை ஒரு முறையாவது செருகாத கணினிக்காரர் இருக்க மாட்டார். 1987இல் ஐபிஎம் நிறுவனம் கொண்டுவந்த இணைப்பு அது. இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ உள்ளிட்ட நிறுவனங்கள் 2015க்குள் அதைக் கைவிடப்போவதாக 2010 டிசம்பரில் அறிவித்தன. மடிக்கணினிகளிலிருந்து விஜிஏ துளை காணாமல் போனது. மானிட்டர்கள் போகவில்லை. டியூஷன் சென்டர்களிலும் கடைகளின் பில் போடும் மேசைகளிலும் வீட்டுப் பரண்களிலும் 17, 19 அங்குல எல்சிடி திரைகள் நல்ல நிலையில்தான் இருக்கின்றன.

அவற்றுக்கு உயிர் கொடுக்கப் பெரிய செலவில்லை. சென்னை ரிச்சி தெருவில் எச்டிஎம்ஐ–விஜிஏ கன்வெர்ட்டர் கேட்டால் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒன்றை எடுத்துத் தருவார்கள். எச்டிஎம்ஐயில் வருவது டிஜிட்டல் சிக்னல். விஜிஏ ஏற்பது அனலாக். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சிப் அந்தக் கன்வெர்ட்டருக்குள் இருக்கிறது. அதனால்தான் அது ஒருவழிப் பாதை: பழைய விஜிஏ மடிக்கணினியைப் புதிய எச்டிஎம்ஐ டிவியில் காட்ட வேண்டுமானால் வேறு கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். விஜிஏ வழியே ஒலியும் போகாது.

மானிட்டரின் பின்பக்கம் டிவிஐ துளை இருந்தால் அதையே பயன்படுத்துவது நல்லது. டிவிஐயின் டிஜிட்டல் வகையும் எச்டிஎம்ஐயும் ஒரே வகை சிக்னலில் இயங்குவதால் இடையில் சிப் தேவையில்லை. சாதாரண கேபிள் போதும், எழுத்தும் துல்லியமாகத் தெரியும். படம் மங்கினால் உடனே மானிட்டரைக் குறை சொல்ல வேண்டாம். சதுர வடிவ 19 அங்குலத் திரைக்குப் பெரும்பாலும் 1280×1024 தான் இயல்பான அளவு. தன் அளவை மானிட்டரே கணினிக்குச் சொல்லும்; மலிவான கேபிளில் அதற்கான கம்பி இல்லாவிட்டால் கணினி ஏதோ ஓர் அளவை ஊகித்துக்கொள்ளும்.

இதுவரை சொன்ன எதுவும் சிக்கலே இல்லை. உண்மையான தலைவலி யுஎஸ்பி டைப்-சி. பார்வைக்கு எல்லாத் துளைகளும் ஒன்றுபோல இருக்கும். ஒன்றில் சார்ஜும் தரவும் மட்டும் போகும், இன்னொன்றில் படமும் போகும். படம் போக டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி வேண்டும். 2014இலேயே வந்துவிட்ட வசதிதான். ஆனால் அதைத் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் தயாரிப்பாளருக்கு இல்லை. துளைக்கு அருகில் டிபி குறியோ, தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருந்தால் படம் வரும். பல மடிக்கணினிகளில் எந்தக் குறியும் இருப்பதில்லை. காசு கொடுத்து வாங்கிய அடாப்டரைச் செருகியும் திரை கறுப்பாகவே கிடந்தால், மக்கள் சந்தேகிப்பது பழைய மானிட்டரைத்தான். அது நேரே பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. எல்இடிக்கு முந்தைய எல்சிடி திரைகளின் விளக்குக் குழாய்களில் பாதரசம் இருக்கிறது என்பதை நினைத்தால் இது சின்ன விஷயம் அல்ல.

2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்துகின்றன. நல்லதுதான். ஆனால் ஒரு பொருள் கழிவாகாமல் காப்பது அதற்கும் முந்தைய வேலை. டைப்-சிக்கு இந்தியத் தரநிலையை வெளியிட்ட இந்தியத் தர நிர்ணய அமைவனம், ஒவ்வொரு துளையும் என்ன செய்யும் என்பதை மடிக்கணினியின் உடலிலேயே அச்சிடுவதையும் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, மடிக்கணினி வாங்குபவர்கள் “டைப்-சியில் டிஸ்ப்ளே வருமா?” என்று கடையில் கேட்டு, அந்த மாடலின் விவரக்குறிப்பிலும் சரிபார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.