மாப்பிள்ளைக்கு மாற்றல்... மகளுக்கு?

தோட்டத்திலே பிறந்து, லயத்து வீட்டிலே வளர்ந்து, பால்மரக் காட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன உங்கள் மகளைச் சிங்கப்பூரிலே கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். மாப்பிள்ளை அங்கே ஆகாயப்படையில் பொறுப்பான வேலையில் இருக்கிறார். அடுக்குமாடி வீடு, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருக்கிறது. ஒருநாள் மகள் தொலைபேசியில் கூப்பிடுகிறாள். "அம்மா, அவருக்கு வெளிநாட்டுக்கு மாற்றல் வந்திருக்கிறது. ரெண்டு மூணு வருஷம் இருக்கணுமாம். குடும்பத்தோடு போகிறோம்" என்கிறாள்.

அந்த நேரத்தில் தாய் மனம் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. ராணுவம் என்ற சொல்லைக் கேட்டதுமே சிலர் சண்டைக்குத்தான் போகிறார்கள் என்று நினைத்து அழத் தொடங்கிவிடுவார்கள். தாய்மார்களே, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். இது சண்டைக்குப் போகிற பயணம் அல்ல. பயிற்சிக்குப் போகிற பயணம்.

சிங்கப்பூர் சின்னஞ்சிறு நாடு. அதன் வானத்தில் எந்நேரமும் பயணிகள் விமானம் பறந்துகொண்டிருக்கிறது. போர் விமானம் ஓட்டிப் பழக அங்கே இடம் போதாது. அதனால் அந்த நாட்டு ஆகாயப்படை, இடம் தாராளமாக உள்ள நாடுகளோடு பேசி, அங்கேயே பயிற்சிப் பிரிவுகளை வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்கு வடக்கே பியர்ஸ் என்ற தளத்தில் 1993 முதல் பயிற்சி நடக்கிறது. பிரான்சில் கசோ என்ற இடத்தில் 1998 முதல் ஒரு பிரிவு இருக்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மவுண்டன் ஹோம் என்ற தளத்துக்கு 2009-இல் ஒரு பிரிவு போய்ச் சேர்ந்தது. விமானம் ஓட்டுபவர், அதைப் பழுது பார்ப்பவர் என்று பலருக்கும் இப்படி மாற்றல் வரும். மனைவி மக்களும் கூடவே போய் வாழ்வார்கள்.

காலம் எப்படி மாறிவிட்டது பாருங்கள்! ஒரு காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள்தாம் பெண்டாட்டி பிள்ளைகளோடு கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்தார்கள். செம்பவாங் கடற்படைத் தளத்தில் நம்மவர்கள் கூலிக்கு உழைத்தார்கள். 1971 அக்டோபர் முடிவோடு பிரிட்டிஷ் படைகளில் பெரும்பகுதி வெளியேறியது. இன்று நம் வீட்டு மாப்பிள்ளை குடும்பத்தோடு அயல்நாட்டுத் தளத்துக்குப் போகிறார். பெருமைதான். ஆனால் பெருமையோடு கொஞ்சம் முன்யோசனையும் வேண்டும் அல்லவா?

செய்தி வந்ததும் பெரும்பாலும் என்ன நடக்கிறது? அம்மா பஸ் ஏறிச் சிங்கப்பூர் போகிறார். மறுநாள் காலை அம்மாவும் மகளும் தேக்காவில் நிற்கிறார்கள். சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் பருப்பு, புளி, மல்லி, சீரகம், மிளகாய் வற்றல், பொன்னி அரிசி, சேலை, ரவிக்கைத் துணி என்று பை பையாக வாங்குகிறார்கள். பாசம் பெரிதுதான். ஆனால் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் அந்தப் பையைத் திறந்தால் என்ன ஆகும் தெரியுமா? அரிசி, பருப்பு வகைகள், கொண்டைக்கடலை, கொத்தமல்லி விதை, சீரகம், மிளகாய் வற்றல், வேர்க்கடலை ஆகியவற்றைப் பயணிகள் பெட்டியில் கொண்டுவர அந்த நாடு 2020 முதல் தடை போட்டிருக்கிறது. தானியத்தை அரித்துத் தின்னும் கப்ரா வண்டு உள்ளே வந்துவிடக்கூடாது என்பதுதான் காரணம். அது கோதுமை விளையும் நாடு. அவர்கள் பயம் அவர்களுக்கு. பச்சைக் கறிவேப்பிலையும் எடுத்துப்போக முடியாது. எந்தத் தின்பண்டம் இருந்தாலும் விமானத்தில் தரும் அட்டையில் மறைக்காமல் எழுதிக் காட்ட வேண்டும். மறைத்தால் அபராதம் கட்ட நேரிடும். நீங்கள் கண்ணீரோடு கட்டிக் கொடுத்த மல்லியும் சீரகமும் குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டுமா? பெர்த் நகரிலேயே இந்தியச் சாமான் கடைகள் இருக்கின்றன. அங்கே வாங்கிக்கொள்ளட்டும்.

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் கிரைண்டரையும் மிக்சியையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். சிங்கப்பூரில் மின்சாரம் 230 வோல்ட். அங்கே 120 வோல்ட்தான். இங்கே பறந்து சுற்றுகிற மிக்சி அங்கே முனகிக்கொண்டு நிற்கும். ஆஸ்திரேலியாவில் வோல்ட் ஒன்றுதான். ஆனால் பிளக்கின் வடிவம் வேறு.

ஆகவே தேக்காவுக்கு ஓடுவதற்கு முன்னால் அலமாரியைத் திறந்து காகிதங்களை எடுங்கள் என்று மகளிடம் சொல்லுங்கள். திருமணச் சான்றிதழ், எல்லாருடைய பிறப்புப் பத்திரங்கள், கடப்பிதழ்கள், பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகம், பள்ளி மதிப்பெண் அட்டை, தினமும் மருந்து சாப்பிடுபவர் இருந்தால் மருத்துவர் எழுதிய சீட்டு ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பிவிடக்கூடாது.

இன்னொன்று, இது நம் வீட்டுப் பெண்களுக்கே உரியது. உங்கள் மகள் இன்னும் மலேசியக் குடியுரிமையோடு, சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருக்கிறாளா? அப்படியானால் அவளுக்கு மறுநுழைவு அனுமதி என்று ஒன்று உண்டு. அதன் கெடு எப்போது முடிகிறது என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள். கெடு முடிந்த அனுமதியோடு வெளிநாட்டில் இருந்தால், நிரந்தரவாசத் தகுதியே பறிபோகக்கூடும். கணவன் காகிதத்தை ராணுவம் பார்த்துக்கொள்ளும். இந்தக் காகிதத்தை அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்த வீட்டை வாடகைக்கு விட எண்ணினால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அனுமதியும் முன்கூட்டியே வாங்க வேண்டும்.

அடுத்தது பிள்ளைகள். வெளிநாட்டுக்குப் பெற்றோருடன் போகும் பிள்ளைக்கு விடுப்புக் கேட்டு, உரிய கட்டணத்தைக் கட்டி, சிங்கப்பூர்ப் பள்ளியில் இடத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. புறப்படும் முன் பள்ளியில் கேட்டு முடித்துவிட வேண்டும். பையன் 13 வயதைத் தாண்டியவன் என்றால், இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ வெளியே இருக்கப் பயண அனுமதி வாங்க வேண்டும். பதினாறரை வயதுக்குப் பிறகு மூன்று மாதத்துக்கே அது தேவை. தேசிய சேவைக்குத் திரும்பி வர வேண்டியவன் அல்லவா!

தமிழ்ப் பாடம் என்ன ஆகும்? சில ஆண்டு வெளியே இருந்து திரும்பும் பிள்ளைக்குத் தாய்மொழிப் பாடத்திலிருந்து விதிவிலக்குக் கேட்க வழி இருக்கிறது. சில பெற்றோர் அதை நம்பித் தமிழை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விதிவிலக்குப் பள்ளியிலே கிடைக்கலாம். தோட்டத்திலே இருக்கும் பாட்டியிடம் கிடைக்குமா? பாட்டிக்குத் தெரிந்தது தமிழ் ஒன்றுதானே! பேரன் ஆங்கிலத்தில் பேசுவான், பாட்டி சிரித்துக்கொண்டே கையைப் பிசைவாள். அந்த நிலை வராமலிருக்க மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அரிசி மூட்டைக்குப் பதிலாகத் தமிழ்ப் புத்தகங்கள் பெட்டியில் போகட்டும். தினம் அரை மணி நேரம் பிள்ளை வாய்விட்டுப் படிக்கட்டும். வாரத்துக்கு ஒருமுறை தாத்தாவுக்குத் தன் கையால் நான்கு வரி கடிதம் எழுதட்டும்.

இவ்வளவும் சொன்னேன். இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

அந்நிய ஊரில் போய் இறங்கிய முதல் திங்கட்கிழமையை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை விடியுமுன் முகாமுக்குப் போய்விடுவார். அவருக்கு அங்கே வேலை இருக்கிறது, கூட்டாளிகள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஒரு மாதத்தில் சிநேகிதர்கள் கிடைத்துவிடுவார்கள். உங்கள் மகள்? நான்கு சுவர், ஒரு சன்னல். சிங்கப்பூரில் அவள் ஒரு வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருப்பாள். அதை விட்டுவிட்டு வந்திருப்பாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித் தேங்காய் கேட்க முடியாது. கூப்பிடு தூரத்தில் கோயில் இல்லை. தோட்டத்திலே பிரட்டுக் களத்தில் விடியற்காலையில் நாலு பேர் முகம் பார்த்தே பழகிய பரம்பரை நாம். ஆள் முகம் இல்லாத வீடு நம்மைத் தின்றுவிடும்.

மாற்றல் என்றால் எல்லாரும் மாப்பிள்ளையின் வேலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மகளுடைய பொழுதைப் பற்றிப் பேசுபவர் யார்? பெற்றவர்கள்தாம் பேச வேண்டும்.

மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். முதலாவது, புறப்படுவதற்கு முன்பே கார் ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுக்கட்டும். இந்தத் தளங்கள் நகரத்துக்கு வெளியே இருப்பவை. கார் ஓட்டத் தெரியாத பெண், கணவர் வீடு திரும்பும்வரை கைதிதான். ஆஸ்திரேலியாவில் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். அமெரிக்காவிலும் பிரான்சிலும் வலப்பக்கம். இரண்டாவது, தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. மாதாமாதம் ஒரு சிறு தொகை அதில் விழ வேண்டும். இது மாப்பிள்ளை மேல் அவநம்பிக்கை அல்ல. அவசரத்துக்கு அவள் யாரையும் கேட்டு நிற்கக்கூடாது என்பதற்காக. மூன்றாவது, அங்கே வேலை பார்க்க விசா இடம் தருமா, தராவிட்டால் என்ன படிக்கலாம் என்று புறப்படும் முன்பே விசாரித்து வைக்கட்டும். பிரான்சுக்கு என்றால் ஆறு மாதம் முன்பே பிரெஞ்சு மொழி படிக்கத் தொடங்கட்டும். பெர்த் என்றால் அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது. நகருக்குத் தெற்கே மாண்டோகலப் என்ற இடத்தில் பால முருகன் கோயிலும் இருக்கிறது. போன மாதமே ஒருமுறை போய்த் தலைகாட்டி வரட்டும். அறிமுகம் தானாக வீடு தேடி வராது.

இனி உங்களுக்கு ஒரு வார்த்தை. தினமும் கூப்பிட்டு, "நீ இல்லாமல் வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது" என்று அழாதீர்கள். அவள் ஏற்கனவே தவித்துக்கொண்டிருப்பாள். பெர்த் நகரத்தின் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒரே மணி காட்டுகின்றன, எப்போதும் பேசலாம். ஐடஹோ நமக்குப் பதினைந்து மணி நேரம் பின்னால், அவர்கள் கோடைக்காலத்தில் பதினான்கு. நீங்கள் காலை ஏழு மணிக்குப் பேசினால் அங்கே முந்தின நாள் மாலை. நேரம் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கும் பெற்றோர், கடப்பிதழுக்கு இப்போதே மனுச் செய்யுங்கள். ஆனால் நம் தோட்டங்களில் இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆயுள் முழுக்க இந்த மண்ணுக்கு உழைத்தும் அவர்களுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைப்பதில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், மகளை வெளிப்படையாகக் கேளுங்கள்: "நாங்கள் வர முடியாது. நீ புறப்படுமுன் பிள்ளைகளோடு ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போ." சாமான் வாங்கும் நாட்களில் ஒரு வாரத்தை அதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

அவசரம் என்று ஒன்று வந்தால் யார் யாருக்குச் சொல்வது, விமானச் சீட்டுக்குப் பணம் எங்கே இருக்கிறது என்பதையும் வெட்கப்படாமல் பேசி வையுங்கள். அமங்கலம் என்று வாயை மூடிக்கொண்டால், நடு இரவில் செய்தி வரும்போது மகள் அங்கே சீட்டு வாங்க வழி தெரியாமல் நிற்பாள்.

ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், நம் முன்னோர் போகும் இடம் தெரியாமல் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைந்தார்கள். உங்கள் மகளுக்கு இடம் தெரியும், கையில் சில மாத அவகாசமும் இருக்கிறது. அந்த மாதங்கள் கடைத்தெருவிலேயே கழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூப்பிட்டு, மறுநுழைவு அனுமதியின் கெடு தேதியையும், கார் வகுப்பு எப்போது தொடங்குகிறது என்பதையும் கேளுங்கள். சேலை எடுப்பது அதற்கு அடுத்த வாரம் இருக்கட்டும்.